அட்டவணை வரையுமுன் பொருளை அறிவோம்
கணிப்பொறித் தரவு பற்றிய இரண்டு எழுத்துகள்: ஒரு திறனாய்வு

ஒரு நூலகத்துக்குள் நுழைகிறீர்கள். நூலகரிடம், "இங்கே திருக்குறள் எத்தனை இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். அவர் என்ன விடை கூறுவார்? "ஒன்று" என்று கூறலாம். வள்ளுவர் இயற்றியது ஒரே நூல்தானே! "மூன்று" என்றும் கூறலாம். பரிமேலழகர் உரையுடன் ஒன்று, மு. வரதராசனார் உரையுடன் ஒன்று, ஜி. யு. போப் 1886ல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று. "பன்னிரண்டு" என்றும் கூறலாம். அலமாரியில் உள்ள பிரதிகளை எண்ணினால் அத்தனை இருக்கின்றன. மூன்று விடைகளும் சரியானவையே.

நூலகர் மனிதர். நீங்கள் ஆராய்ச்சி மாணவரா, இரவல் பெற வந்தவரா, இருப்பைத் தணிக்கை செய்ய வந்தவரா என்று பார்த்துத் தக்க விடையைத் தருவார். கணிப்பொறியிடம் இந்தப் பக்குவத்தை எதிர்பார்க்க முடியாது. ‘நூல்’ என்றால் எது என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து அதற்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். அந்த முடிவை எப்போது எடுப்பது, எந்த மொழியில் எழுதி வைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதைப் பற்றி எழுதியவர்களுள் இருவரை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒருவர் பீட்டர் சென். அவர் எழுதியது 1976ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. மற்றவர் வில்லியம் கென்ட். அவர் எழுதியது 1978ல் வெளிவந்த ‘டேட்டா அண்ட் ரியாலிட்டி’ என்னும் நூல். ‘தரவும் மெய்ம்மையும்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். இவ்விரண்டின் நிறைகளையும் குறைகளையும் காண்போம்.

மூன்று நிலைகள்

ஒழுங்குபடுத்திச் சேமித்து, வேண்டும்போது கேட்டுப் பெறத்தக்க தகவல் தொகுதியைத் தரவுத்தளம் என்கிறோம். ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு ஆகிய எல்லாவற்றின் பின்னாலும் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அதை அமைப்பதில் மூன்று நிலைகள் உண்டு.

முதலாவது, கருத்து நிலை. இந்த நிறுவனத்துக்கு எவையெவை பொருள்கள், அவற்றுக்கிடையே என்ன உறவு என்று வரையறுப்பது. இங்கே கணிப்பொறி பற்றிய பேச்சே இல்லை. இரண்டாவது, தருக்க நிலை. அப்பொருள்களை அட்டவணைகளாகவோ, கிளை பிரியும் மர அமைப்பாகவோ, வலையாகவோ அடுக்குவது. மூன்றாவது, பௌதிக நிலை. அவற்றை வட்டில் எந்த ஒழுங்கில் பதிப்பது, விரைவாகத் தேட என்ன ஏற்பாடு செய்வது என்பது.

இன்று இப்படி எளிதாகப் பிரித்துச் சொல்கிறோம். தொடக்கத்தில் இந்தப் பிரிவினை இல்லை. 1960களில் சார்லஸ் பாக்மன் வலை அமைப்பை உருவாக்கினார். அப்பல்லோ விண்கலத் திட்டத்தின் எண்ணற்ற பாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக ஐ.பி.எம். நிறுவனம் மர அமைப்பைக் கையாண்டது. 1970 ஜூனில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், எல்லாத் தரவையும் அட்டவணைகளாகவே எழுதலாம் என்று காட்டினார். எந்த அமைப்புச் சிறந்தது என்று இந்த முகாம்களிடையே கடும் வாதம் நடந்தது. உலகத்தைப் பார்க்கும்போதே மரக்காரர்கள் மரமாகவும், அட்டவணைக்காரர்கள் அட்டவணையாகவும் பார்த்தார்கள். 1975ல் அமெரிக்கத் தரநிலைக் குழு ஒன்று தன் இடைக்கால அறிக்கையில், பயனாளரின் பார்வை ஒரு புறமும் இயந்திரத்தின் பார்வை மறு புறமும் இருக்க, இரண்டுக்கும் நடுவே பொதுவான கருத்து நிலை ஒன்று வேண்டும் என்று கூறியது. நடுவில் ஓர் இடம் ஒதுக்கியாயிற்று. அந்த இடத்தில் எதை வைப்பது?

சென் தந்த படம்

அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கம் தரவுத்தளங்களுக்கென்றே ஒரு காலாண்டு இதழைத் தொடங்கியது. 1976 மார்ச்சில் வெளிவந்த அதன் முதல் இதழிலேயே சென்னின் கட்டுரை இடம்பெற்றது. தைவானில் பிறந்து, ஹார்வர்டில் பட்டம் பெற்று, அப்போது மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய இளைஞர் அவர். அவர் கூறிய முறை எளியது. உலகில் உருப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே உறவுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் பண்புகள் இருக்கின்றன. உருப்பொருளுக்கு ஒரு கட்டம் வரைக. உறவுக்கு ஒரு சாய்சதுரம் வரைக. கோடிட்டு இணைக்க. ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா, பலவற்றுக்குப் பலவா என்பதைக் கோட்டின் மேல் குறிக்க.

நம் நூலகத்துக்கு வருவோம். ‘உறுப்பினர்’ ஒரு கட்டம். ‘பிரதி’ ஒரு கட்டம். நடுவில் ‘இரவல்’ என்னும் சாய்சதுரம். ஓர் உறுப்பினர் பல பிரதிகளைப் பெறலாம். காலப்போக்கில் ஒரே பிரதியைப் பல உறுப்பினர் பெறலாம். இவ்வளவுதான் படம். இதையே அட்டவணையாக மாற்றினால் மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும். மரமாக மாற்றினாலோ, உறுப்பினருக்கடியில் பிரதியா, பிரதிக்கடியில் உறுப்பினரா என்று தவிக்க வேண்டும். இந்தத் தவிப்பு மரத்துக்கு உரியது, நூலகத்துக்கு உரியதன்று. எது உலகத்தின் சிக்கல், எது கருவியின் சிக்கல் என்று பிரித்துக் காட்டியதே சென்னின் பெரும் பணி. கணிப்பொறி அறியாத நூலகரும் அந்தப் படத்தைப் பார்த்து, "இது சரி, இது தவறு" என்று சொல்ல முடிந்தது. அதற்கு முன் தரவுத்தளம் அமைப்பவர்கள் எழுதியவற்றைப் பார்த்து அவரால் அப்படிச் சொல்ல முடியுமா?

படத்தில் விழுந்த நிழல்

இனிக் குறைகளைப் பார்ப்போம். எது உருப்பொருள், எது உறவு, எது பண்பு என்று எப்படி அறிவது? திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருவருக்கிடையே உள்ள உறவு என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவு அலுவலகத்தில் அதற்கு ஒரு பதிவு எண் உண்டு, நாள் உண்டு, சாட்சிகள் உண்டு. அங்கே அது தனித்து நிற்கும் ஒரு பொருள். சென்னும் இந்த எடுத்துக்காட்டைக் கண்டவரே. திருமணத்தைச் சிலர் பொருளாகவும் சிலர் உறவாகவும் காணக்கூடும், நிறுவனத்தின் பொறுப்பாளர் முடிவு செய்யட்டும் என்று கூறி அவர் நகர்ந்துவிடுகிறார். நேர்மையான விடைதான். ஆயினும் எதைக் கொண்டு முடிவு செய்வது என்பதற்கு அவர் வழி காட்டவில்லை. மிகக் கடினமான இடத்தில் கை விட்டுவிடுகிறார்.

இரண்டாவது குறை இதனினும் பெரியது. அவர் தரவை நான்கு படிநிலைகளாகப் பார்க்கிறார். முதல் நிலையில் மனத்திலுள்ள பொருள்களும் உறவுகளும் நிற்கின்றன. இரண்டாம் நிலையிலேயே அட்டவணை தலைகாட்டிவிடுகிறது. ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் முதன்மைக் குறியும் வந்துவிடுகிறது. வாசல் வழியே வெளியேற்றிய விருந்தாளி சன்னல் வழியே திரும்புவது போல, கருத்து நிலைக்குள் அட்டவணையின் நிழல் விழுகிறது.

பின்னால் வந்தவர்கள் இந்த நிழலைப் பொருளாகவே ஆக்கிவிட்டனர். இன்று பல கணிப்பொறிப் பாடங்களில் சென்னின் படம் அட்டவணைக்குச் செல்லும் வழியில் ஒரு சடங்காகவே கற்பிக்கப்படுகிறது. மாணவர் கட்டம் வரைந்தவுடன் அதற்குள் பத்திகளின் பெயர்களை எழுதுகிறார். எந்தப் பத்தி எந்த அட்டவணையைச் சுட்டுகிறது என்று அம்பு போடுகிறார். அது கருத்து மாதிரி அன்று. முன்பே மனத்தில் முடிவு செய்துவிட்ட அட்டவணைகளின் படம். அதைப் பார்த்து நூலகர் "சரி" என்றோ "தவறு" என்றோ சொல்ல இயலாது. சென் திறந்த கதவு இப்படித்தான் மீண்டும் சாத்தப்பட்டது.

கென்ட் கேட்ட கேள்விகள்

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கென்ட் வேறு வழியில் வருகிறார். அவருடைய நூலில் படம் வரையும் முறை எதுவும் முக்கியமன்று. வரைபடத்தையும் நிலத்தையும் ஒன்றென மயங்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடு நூல் தொடங்குகிறது. பிறகு சிறு பிள்ளை கேட்பது போன்ற கேள்விகளை அடுக்குகிறார். ‘ஒன்று’ என்றால் என்ன? எப்போது இரண்டு பொருள்கள் ஒரே பொருள்? ஒரு பொருள் எவ்வளவு மாறிய பிறகு வேறொரு பொருள் ஆகிறது? பெயர் என்பது பொருளா, பொருளின் மேல் ஒட்டிய சீட்டா?

நூலகத்தில் நாம் கண்ட குழப்பத்தை அவரும் எடுத்துப் பேசுகிறார். எழுதியவருக்கு ‘நூல்’ ஒன்று. அலமாரியில் அடுக்குபவருக்குப் பல. கிடங்கில் ‘பாகம்’ என்ற சொல்லும் அப்படியே. கையிலுள்ள ஒரு திருகாணியா, அந்த வகைத் திருகாணி முழுவதுமா? இரு பிரிவினர் ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் வழங்கிக்கொண்டு பல ஆண்டுகள் இணக்கமாகவே இருப்பார்கள். இருவருடைய பதிவேடுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கும் நாளில்தான் சண்டை வெளிப்படும்.

பெயர் பற்றிய அவருடைய கேள்வியை நம் வீட்டுப் பொருளிலேயே சோதிக்கலாம். ஒரு குறளை அதன் எண்ணால் அடையாளம் காட்டுகிறோம். அந்த எண் வள்ளுவர் இட்டதா? இல்லை. இன்று வழங்கும் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைப் பின்பற்றியவை. அவருக்கு முற்பட்ட மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறுபடுகிறது. எண்ணையே குறள் என்று கொண்டு ஒரு தரவுத்தளம் அமைத்தால், மணக்குடவர் பதிப்பை அதில் சேர்க்கும்போது தடுமாற்றம் தொடங்கும். எண் என்பது ஒரு பதிப்பில் குறள் நிற்கும் இடம் என்று முதலிலேயே உணர்ந்திருந்தால் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

கென்டிடமும் குறை உண்டு. ஐயங்களை எழுப்புவதில் வல்லவரான அவர், தீர்வு சொல்வதில் சிக்கனக்காரர். நூலை மூடிய மாணவர், "எல்லாம் சரி, நாளை காலை நான் எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டால் நேரான விடை கிடைக்காது. படிப்படியான பயிற்சி இல்லை. எல்லாம் பார்ப்பவரைப் பொறுத்ததே என்ற முடிவுக்கு அவர் சில இடங்களில் மிக அருகே சென்றுவிடுகிறார். அவ்வளவு தூரம் போனால் எந்தத் தரவுத்தளமும் எழ முடியாது. ஆனாலும் 2000ல் இரண்டாம் பதிப்பும் 2012ல் மூன்றாம் பதிப்பும் வெளிவரும் அளவுக்கு அந்த நூல் உயிரோடு இருக்கிறது. அவர் பேசிய காலத்து இயந்திரங்கள் மறைந்துவிட்டன. அவருடைய கேள்விகள் எந்த இயந்திரத்தையும் பற்றியவை அல்ல என்பதே காரணம்.

சீர்காழியிலிருந்து ஒரு குரல்

கருத்தை முதலில் தீர்மானி, குறியீட்டைப் பிறகு பார் என்ற கொள்கை கணிப்பொறியோடு பிறந்ததன்று. சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூல் பகுப்பாக்கத்தை அவர் மூன்று தளங்களாகப் பிரித்தார்: கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம். ஒரு பாடம் எதில் அடங்கும் என்பதைக் கருத்துத் தளத்தில் முடிவு செய்ய வேண்டும். எண்ணும் எழுத்தும் அம்முடிவுக்கு ஏவல் செய்ய வேண்டுமேயன்றி, எண் போதவில்லை என்பதற்காகப் பாடத்தைச் சுருக்கக் கூடாது. சென்னும் கென்டும் தரவுத்தளத்துக்குச் சொன்னதை இவர் நூல் பகுப்புக்குச் சொன்னார் எனலாம்.

நூலகத் துறை இந்த வழியில் மேலும் சென்றது. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1998ல் ஒரு கருத்து மாதிரியை வெளியிட்டது. சென்னின் உருப்பொருள்-உறவு முறையையே அது கையாண்டது. ஆனால் எந்த அட்டவணையையும் விதிக்கவில்லை. ‘நூல்’ என்ற ஒரே சொல்லை அது நான்காகப் பிரித்தது: ஆசிரியர் மனத்தில் உருவான படைப்பு, அது மூலமாகவோ மொழிபெயர்ப்பாகவோ வடிவம் பெறும் வெளிப்பாடு, அச்சாகி வரும் பதிப்பு, அலமாரியில் நிற்கும் பிரதி. நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது குழப்பமின்றி விடை கூறலாம். இந்த மாதிரியும் இதன் துணை மாதிரிகள் இரண்டும் 2017ல் ஒன்றாக இணைக்கப்பட்டன. நான்கு பிரிவுகளும் அப்படியே நிலைத்தன.

இதுவும் முடிந்த முடிபன்று. இம்மாதிரியின்படி மொழிபெயர்ப்பு அதே படைப்பின் மற்றொரு வெளிப்பாடு. உரையோ புதியதொரு படைப்பு. போப்பின் ஆங்கிலக் குறள் வள்ளுவருடையது. பரிமேலழகர் உரை பரிமேலழகருடையது. ஆனால் நம் மரபில் மூலமும் உரையும் ஒரே கட்டில் வருகின்றன. மூலத்தின் வரிசையையே உரையாசிரியர் தீர்மானிக்கிறார். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது? இங்கே கென்ட் நம்மைப் பார்த்துப் புன்னகை செய்வார். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விவாதத்தைத் தமிழறிஞரும் நூலகரும் சாதாரணத் தமிழிலேயே நடத்த முடிகிறது. கருத்து நிலையைத் தனியே வைத்ததன் பயன் அதுவே.

தவறினால் என்ன நட்டம்?

"இதெல்லாம் ஏட்டுப் பேச்சு, அட்டவணையைப் போட்டு வேலையைத் தொடங்கினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் பாருங்கள். நூலகத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரி. அதில் ‘பெற்றவர்’ என்று ஒரு பத்தி. ஒரு நேரத்தில் ஒருவர்தானே ஒரு பிரதியை வைத்திருக்க முடியும்? எனவே ஒரு பத்தி போதும் என்று அமைப்பவர் கருதுகிறார். பிரதி திரும்பியதும் அந்தப் பெயர் அழிந்து அடுத்தவர் பெயர் ஏறுகிறது. ஓராண்டுக்குப் பிறகு, எந்த நூலை அதிகம் பேர் படித்தார்கள் என்று அறிந்து கூடுதல் பிரதி வாங்க நினைக்கிறார் நூலகர். விடை இல்லை. அது எங்கும் பதிவாகவே இல்லை. ‘இன்று ஒருவர்’ என்பதும் ‘என்றும் ஒருவர்’ என்பதும் வேறு என்று யாரும் முதலில் கேட்கவில்லை.

ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிய பழக்கத்தால் 2000ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் நிரல்களைத் திருத்த வேண்டியிருந்தது. அது சேமிக்கும் முறையில் நேர்ந்த பிழை. செலவு மிகுதியாயினும் திருத்த முடிந்தது. கருத்தில் நேரும் பிழை அப்படியன்று. பதியாமல் போன தகவலை எந்தச் செலவாலும் மீட்க முடியாது.

உங்கள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும்தான். ஆனால் பல விண்ணப்பங்களில் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். ஓரிடத்தில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறோம். இன்னோரிடத்தில் வெறும் முதலெழுத்தை எழுதுகிறோம். வேறோரிடத்தில் தந்தை பெயர் முன்னால் போய் விழுகிறது. கணிப்பொறிக்கு நீங்கள் இப்போது மூன்று ஆட்கள். நீங்கள் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. தவறு உங்களுடையதன்று. ‘பெயர் என்பது என்ன?’ என்று கேளாமல் இரண்டு பத்திகளை வரைந்தவருடையது.

எதிர்வாதமும் முடிவும்

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. தனியே எழுதிய கருத்து மாதிரி, தரவுத்தளம் மாறும்போது கூடவே மாறாமல் பழையதாகிப் பெட்டியில் உறங்குவதைப் பார்க்கிறோம். மாதிரி வரைவதிலேயே மாதங்கள் கழிந்து வேலை தொடங்காமல் போவதும் உண்டு. முன்கூட்டிய அமைப்பே வேண்டாம், வருவதை வந்தபடி சேமிக்கலாம் என்று சொல்லும் தரவுத்தளங்கள் 2000க்குப் பிறகு பெருகின. அவற்றால் சில பணிகள் எளிதாயின என்பதும் உண்மையே. ஆனால் பொருளை வரையறுக்கும் கடமை அங்கே மறையவில்லை. அது நிரல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு நிரலர் ஒரு விதமாகவும் மற்றொருவர் வேறு விதமாகவும் ‘நூல்’ என்பதைப் புரிந்துகொண்டால், அந்தப் பிணக்கைக் கண்டறிவது இன்னும் கடினம்.

ஆகவே என் முடிவு இது. சென்னின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கென்டின் கேள்விகளை அதன் மேல் வையுங்கள். படம் மட்டும் போதாது. கேள்வி மட்டும் இருந்தால் வேலை நடக்காது. கருத்து மாதிரி பெரியதாக இருக்கத் தேவையில்லை. ஒரு தாளில் சில வாக்கியங்களும் ஒரு படமும் போதும். அது உண்மையிலேயே தனித்து நிற்கிறதா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. கணிப்பொறி அறியாத, ஆனால் அந்தத் தொழிலை அறிந்த ஒருவர் அதைப் படித்து, "இது இப்படி இல்லையே" என்று மறுக்க முடிகிறதா? நாளை கணிப்பொறியும் அட்டவணை முறையும் மாறினால் அதில் ஒரு சொல்லாவது மாற வேண்டியிருக்கிறதா? முதற்கேள்விக்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் விடை வந்தால் உங்கள் மாதிரி தேறியது.

மாணவ நண்பர்களே, இன்றே இதைச் செய்து பார்க்கலாம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். "அந்த பஸ் இன்னும் வரவில்லை", "அந்த பஸ் ஆஸ்பத்திரி வழியாகப் போகும்", "அந்த பஸ்ஸின் கண்ணாடி உடைந்திருக்கிறது" என்று மூவர் பேசுகிறார்கள். மூவரும் சொல்லும் ‘பஸ்’ ஒன்றுதானா? ஒரு தாளை எடுத்துக் கட்டங்களை வரையுங்கள். அட்டவணை எதையும் போடுவதற்கு முன், அந்தத் தாளை ஒரு நடத்துநரிடம் காட்டுங்கள்.